கடல் கடந்து வந்த கீதம்: தகடூர் நாட்டில் கிறித்தவ இசை ஒலிபரப்பின் வரலாறு

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை போரில் வென்ற செய்தியைப் பாடியது தகடூர் யாத்திரை என்னும் பழைய நூல். அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் உரையாசிரியர்தம் மேற்கோள்களிலும் தங்கிய சில பாடல்களே அதன் பெயரை இன்று காத்து நிற்கின்றன. ஓலையில் எழுதிய காவியத்திற்கே இக்கதி நேர்ந்ததென்றால், காற்றில் மட்டுமே வாழ்ந்து மறைந்த பாட்டுகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

தருமபுரி மாவட்டத்தில் கிறித்தவ இசை ஒலிபரப்பு என்பது அவ்வாறு காற்றில் வாழ்ந்த ஒன்று. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இவ்விரு பகுதிகளிலும் கிறித்தவர் சிறு தொகையினரே. ஆயினும் வைகறையிலும் இரவிலும் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே கீர்த்தனை ஒன்றைத் தேடிய இல்லங்கள் இங்குப் பல தலைமுறைகளாக இருந்தன. அவர்கள் கேட்ட நிலையம் தருமபுரியில் இல்லை, சேலத்திலும் இல்லை. அது கொழும்பிலும், புத்தளத்திலும், சீஷெல்ஸ் தீவுகளிலும், மணிலாவிலும் பிரிந்து கிடந்தது. உள்ளூர்ப் பாட்டுக்கு உள்ளூரில் நிலையம் அமையாமல், அது கடல் கடந்து சென்று திரும்ப வேண்டி வந்தது ஏன்? அந்தச் சுற்றுப் பயணத்தில் பாட்டு பெற்றது எது, இழந்தது எது? இவ்விரு வினாக்களுமே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

ஒலிபரப்புக்கு முந்திய ஓசை

வானொலி வருவதற்கு முன்பே கிறித்தவத் தமிழ்ப் பாட்டு வளமான மரபாக வளர்ந்திருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி முதலியவற்றைப் பாடி, குறவஞ்சியும் கீர்த்தனையும் ஆகிய தமிழ் வடிவங்களுக்குள் விவிலியச் செய்தியைப் பொருத்தினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, ஐரோப்பிய மெட்டுகளின் மொழிபெயர்ப்புகளே நிறைந்திருந்த திருச்சபை வழிபாட்டில் பல்லவியும் சரணமும் நிலையான இடம் பெற்றன. எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும், ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் இம்மரபின் இருவேறு சிகரங்கள்.

தருமபுரி அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தில் இலண்டன் மிஷன் 1827இல் பணி தொடங்கியது. அம்மிஷனின் ஊழியராக ஈரோட்டில் தங்கியிருந்த எச். ஏ. பாப்லி, கதாகாலட்சேப முறையில் விவிலியக் கதைகளைப் பாடி ஊரூராகச் சென்றவர். 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதியவர். இசையைக் கொண்டு மக்களைக் கூட்டி, அவர்கள் மொழியிலேயே செய்தி சொல்லும் முறை, வானொலிக்கு முன்பே இப்பகுதியின் அண்டையில் நடைபெற்றுக்கொண்டிருந்தது.

கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் மரபு வேறு. தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் ஓதப்படும் வியாகுலப் பிரசங்கம், இலங்கையில் பணிபுரிந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளாரின் படைப்பாகப் போற்றப்படுவது. கோவாவில் பிறந்த ஒருவர் இலங்கையில் இருந்துகொண்டு தமிழில் எழுதியது, கடல் கடந்து தமிழக ஊர்க்கோயில்களில் நெஞ்சுருக ஓதப்பட்டது. இலங்கையிலிருந்து பக்திக் குரல் தமிழகம் வந்து சேரும் வழி, வானொலிக் கோபுரம் எழுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது எனலாம்.

சட்டம் வகுத்த எல்லை

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், செய்தி அனுப்பும் கருவிகளை அமைத்து நடத்தும் தனியுரிமையை அரசுக்கே வழங்கியது. வானொலி பிறந்தபோது அதுவும் அச்சட்டத்தின் குடைக்கீழ் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் அகில இந்திய வானொலியின் நிலையங்களாகத் தொடங்கின. ஒலிபரப்பும் உரிமை மட்டுமன்று, கேட்கும் பெட்டியை வைத்திருப்பதற்குங்கூட அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை அந்நிலை நீடித்தது.

அகில இந்திய வானொலி கிறித்தவப் பாட்டைப் புறக்கணித்ததென்று கூறுவது பொருந்தாது. காலை நேரப் பக்தி இசையில் மூன்று சமயத்துப் பாடல்களும் இடம்பெற்றன. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் உயிர்ப்பு விழாவிற்கும் சிறப்பு நிகழ்ச்சிகள் உண்டு. பொதுநிலையத்திற்கு அதுவே இயல்பான அளவு. ஆனால் ஒரு சமய அமைப்பு தன் செலவில், தன் விருப்பப்படி, நாள்தோறும் கால் மணி நேரம் பேசவும் பாடவும் அங்கு இடமில்லை. 1967 நவம்பர் 1ஆம் நாள் விவித பாரதியில் விளம்பர ஒலிபரப்புத் தொடங்கியபோதும், முழுமையாகவோ பெரும்பாலுமோ சமய நோக்குடைய விளம்பரங்களை அதன் விதிமுறை விலக்கியே வைத்தது. பல சமயத்தார் வாழும் நாட்டில் அரசு அலைவரிசையை எந்தச் சமயமும் விலைக்குப் பெறலாகாது என்ற கருத்து அதன் பின்னே இருந்தது.

1995இல் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன்பின் தனியார் பண்பலை நிலையங்கள் எழுந்தன. ஆயினும் 2005ஆம் ஆண்டின் பண்பலைக் கொள்கை, சமய அமைப்புகளும் அவற்றோடு தொடர்புடைய நிறுவனங்களும் உரிமம் கேட்கத் தகுதியற்றவை என்று வெளிப்படையாகவே கூறியது. சமுதாய வானொலி 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதுவும் சமயப் பரப்புக்கென வகுத்த வழியன்று. தருமபுரியில் ஒரு கிறித்தவ இசை வானொலிக் கோபுரம் எழாமைக்கு ஆர்வக் குறைவோ பொருட்குறைவோ முதற்காரணம் அன்று என்பது இதனால் விளங்கும். உள்நாட்டில் அடைபட்ட வழி, அயல்நாட்டில் திறந்திருந்தது.

கொழும்பின் கால் மணி நேரம்

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பை அடுத்த ஏக்கலையில் ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பிகள் நிறுவப்பட்டன. போர் முடிந்தபின் அவை இலங்கை வானொலியின் உடைமையாயின. 1950இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகியபோது, தமிழகமே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பிய கதை நாடறிந்தது.

அந்தத் திரைப்பாடல் வெள்ளத்தின் ஓரத்தில்தான் கிறித்தவ ஒலிபரப்பும் வந்து சேர்ந்தது. வர்த்தக சேவை நேரத்தை விலைக்கு விற்றது. சோப்புக்கும் தைலத்துக்கும் விற்ற அதே கால் மணி நேரத்தைச் சமய நிறுவனங்களும் வாங்கின. 1950களில் இலங்கையில் கால் ஊன்றிய ஓர் அமெரிக்க வானொலி ஊழியத்தின் தமிழ் நிகழ்ச்சி, சத்திய வசனம் என்ற பெயரில் தமிழகக் கிறித்தவ இல்லங்களில் நன்கு அறிமுகமாயிற்று. 1970களில் டி. ஜி. எஸ். தினகரன் (1935–2008) போன்ற தமிழகப் பிரசங்கியாரின் குரலும் இலங்கை வழியாகவே தமிழகம் வந்தது.

தருமபுரிக்கும் ஏக்கலைக்கும் இடையே நேர்க்கோட்டில் 600 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவே உண்டு. கையடக்கமான டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவிய பிறகு, மின்கம்பம் எட்டாத மலையடிவாரச் சிற்றூர்களிலும் மின்கலத்தின் துணையால் கொழும்பு கேட்டது. எழுத்தறிவில் இம்மாவட்டம் நெடுங்காலம் பின்தங்கியிருந்தது; 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் தமிழக மாவட்டங்களில் கடைசி இடத்தையே பெற்றது. பாட்டுப் புத்தகத்தைப் படிக்க இயலாத முதியோர்க்கும் உழவர்க்கும் வானொலி வெறும் பொழுதுபோக்கன்று; கீர்த்தனையை மனப்பாடம் செய்துகொள்ளும் பள்ளிக்கூடமாகவே அது விளங்கியது.

பவளப்பாறையும் உப்பங்கழியும்

நேரத்தை விலைக்கு வாங்கிய காலம் ஒன்று. நிலையத்தையே அமைத்த காலம் மற்றொன்று. 1945இல் அமெரிக்காவில் தோன்றிய தூரகிழக்கு ஒலிபரப்பு நிறுவனம் 1948 ஜூனில் மணிலாவிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. அதனோடு உறவுடைய ஃபேபா என்னும் அமைப்பு 1959இல் இங்கிலாந்தில் உருவாகி, 1970இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் நாட்டு மாஹே தீவிலிருந்து இந்திய மொழிகளில் ஒலிபரப்பலாயிற்று. அதன் அலைவாங்கிக் கோபுரங்கள் கரையை ஒட்டிய பவளப்பாறையின்மேல் நிறுத்தப்பட்டன. கடலேற்றத்தின்போது அக்கோபுரங்களின் அடி நீரில் நிற்கும். உப்புநீர் மின்னலையை நன்கு தாங்கி விடுப்பதால், அலை தொலைதூரம் செல்வதற்கு அவ்விடம் ஏற்றதாயிற்று.

மாஹேயிலிருந்து தருமபுரி 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அவ்வளவு தூரத்தைச் சிற்றலை கடப்பது வானவெளியின் உதவியால். தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே, கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலத்தில் பட்டு அலை கீழே திரும்பும். கடலில் பட்டு மீண்டும் மேலெழும். ஆகவேதான் கேட்போரின் பெட்டியில் பாட்டு ஒருகணம் ஓங்கியும் ஒருகணம் தேய்ந்தும் ஒலித்தது. பருவத்துக்கேற்ப அலைவரிசையும் மாறும். நிலையம் இடம்மாறிவிட்டதோ என மயங்கி முள்ளைத் தேடுவது அந்நாளைய நேயரின் வழக்கம்.

இந்நிலையத்திற்கான நிகழ்ச்சிகள் தீவில் பாடப்பட்டவை அல்ல. இந்தியாவில் இருந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடப்பெற்று, ஒலிநாடாவாக வானூர்தி அஞ்சலில் அனுப்பப்பட்டவை. ஃபேபாவின் இந்தியப் பணிமனை பெங்களூரில் அமைந்தது. பெங்களூருக்கும் தருமபுரிக்கும் இடையே சாலை வழி 130 கிலோமீட்டர் அளவே தொலைவு. இம்மாவட்டத்தார் கூலிக்கும் வணிகத்துக்கும் அன்றாடம் சென்றுவந்த நகரம் அது. பக்கத்து நகரில் பதிவான பாட்டு, பக்கத்து மாவட்டத்தை வந்தடைய, போகவர 6,000 கிலோமீட்டர் கடற்பயணம் செய்ய வேண்டியிருந்தது. இவ்வொலிபரப்பு வரலாற்றின் விந்தையெல்லாம் இந்த ஒரு கணக்கில் அடங்கும்.

1954இல் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் தொடங்கிய டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ, 1970களின் இறுதியில் இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள புத்தளத்திலிருந்து தெற்காசியாவை நோக்கி ஒலிபரப்பத் தொடங்கியது. 400 கிலோவாட் ஆற்றலோடு, மத்திய அலையில் 882 கிலோஹெர்ட்சில் அது ஒலித்தது. மத்திய அலையில் வந்தமையே இதன் தனிச்சிறப்பு. சிற்றலைப் பட்டை இல்லாத மலிவுப் பெட்டியிலும் அது கேட்கும். புத்தளத்து உப்பங்கழியும் மன்னார் வளைகுடாவும் அலைக்கு நல்ல பாதையாயின. பகலில் மத்திய அலையை உறிஞ்சும் கீழ்வான் படலம் கதிரவன் மறைந்தபின் கலைந்துவிடுவதால், இரவில் 500 கிலோமீட்டர்க்கு அப்பாலுள்ள தருமபுரியிலும் அது உள்ளூர் நிலையம்போல் ஓங்கி ஒலித்தது. அதன் இந்தியக் கிளை விசுவ வாணி எனப் பெயர் பூண்டது. அதன் இயக்குநராயிருந்த எமில் ஜெபசிங் தாமே கவிஞர். தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் பாடப்பெறும் பல பாடல்களை இயற்றியவர். நிலையத்தை நடத்துவோரும் பாட்டை எழுதுவோரும் ஒருவராயிருந்த இந்நிலை, கவிஞர்கள் கருதத்தக்கது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து வழங்குவன. இந்நிலையங்கள் இம்மூன்று மொழிகளிலும் நிகழ்ச்சி நடத்தின. ஒரே வீட்டில் தாய் ஒரு மொழிப் பாட்டும் மருமகள் மற்றொரு மொழிப் பாட்டும் கேட்க இயன்ற ஒலிபரப்பு, இவ்வெல்லைப் பகுதிக்கு இயல்பாகவே பொருந்தியது.

மணிலாவின் தமிழ்ப்பணி

கத்தோலிக்க உலகில் வானொலி முன்னரே அரியணை ஏறியிருந்தது. 1931 பிப்ரவரியில் மார்க்கோனியே முன்னின்று அமைத்த வத்திக்கான் வானொலி, 1960களில் தமிழிலும் பேசத் தொடங்கியது. எனினும் தமிழ்ப் பாட்டுக்குப் பெரிய வாயிலைத் திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் அச்சங்கம் இரண்டு ஆவணங்களை ஒருசேர வெளியிட்டது. ஒன்று, வழிபாட்டில் இலத்தீனுடன் தாய்மொழிக்கு இடம் தந்தது; மற்றொன்று, அச்சு, திரைப்படம், வானொலி ஆகிய சமூகத் தொடர்புக் கருவிகளைத் திருச்சபை பயன்கொள்ளுமாறு பணித்தது. தமிழில் பாடலாம் என்ற இசைவும், அப்பாட்டை ஒலிபரப்பலாம் என்ற ஏவலும் ஒரே நாளில் பிறந்தன. அதன்பின் பூசைப் பாடல்கள் தமிழில் புதிதாகப் பெருகின. 1970களில் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய கலைக்காவிரி போன்ற அமைப்புகள் இசைக்கும் நாட்டியத்துக்கும் நிலைக்களமாயின.

1958இல் மணிலாவில் கூடிய தென்கிழக்காசிய ஆயர்கள் ஆசியாவிற்கென ஒரு வானொலி வேண்டுமென முடிவு செய்தனர். அதன் பயனாக 1969இல் ரேடியோ வேரித்தாஸ் தொடங்கப்பெற்றது. அதன் ஆசிய ஒலிபரப்பில் தமிழும் இடம்பெற்றது. தருமபுரியிலிருந்து 4,500 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த அக்குரல், வழிபாட்டுப் பாடலோடு செய்தியும் இலக்கியமும் கலந்து வழங்கியது. 1990களின் பிற்பகுதியில் அதன் தமிழ்ப்பணிக்குப் பொறுப்பேற்றிருந்த ஜெகத் கஸ்பர் அடிகளார், போரால் நொந்த ஈழத்து நேயர்களுக்கு அந்நிகழ்ச்சியை நெருக்கமாக்கினார். அவரே பின்னாளில் தமிழ் மையத்தின் வழியாக, இளையராஜா இசையமைத்த திருவாசகம் இசைப்பேழை 2005இல் வெளிவர முன்னின்றார். கிறித்தவ வானொலியில் பழகிய செவி மாணிக்கவாசகரிடம் சென்று சேர்ந்தது, தமிழ்ப் பக்தி மரபின் விரிந்த நெஞ்சுக்குச் சான்று.

தருமபுரிக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனித்து உருவாயிற்று. மறைமாவட்டம் இங்கு அமைந்தபோதும் வானொலி அங்கேயே இருந்தது.

அலைவரிசை பாட்டுக்குச் செய்தது

ஒலிபரப்பு, பாட்டைச் சுமந்து வந்ததோடு அமையவில்லை. பாட்டின் உருவத்தையும் மாற்றியது. விலைக்கு வாங்கிய கால் மணி நேரத்தில் அறிமுக இசை, ஒரு பாட்டு, சிறு செய்தி, நிறைவுப் பாட்டு, அஞ்சல் முகவரி ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். பன்னிரண்டு சரணங்கள் கொண்ட பழைய கீர்த்தனைக்கு அங்கு இடமில்லை. பல்லவியும் இரண்டு சரணங்களுமாகச் சுருங்கிய மூன்று நான்கு நிமிடப் பாட்டே அதற்கு இசைந்தது. கோயிலில் சபையார் அனைவரும் சேர்ந்து பாடிய பாட்டு, ஒலிவாங்கியின் முன் ஒருவர் பாடிப் பலர் கேட்கும் பாட்டாயிற்று.

மத்திய அலையும் சிற்றலையும் ஏறத்தாழ 4,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நுண்ணொலிகளைத் தெளிவாகக் கடத்துவதில்லை. தம்புராவின் கார்வையும் வயலினின் மேல்சுருதி நயமும் வழியிலேயே உதிர்ந்துவிடும். மனிதக் குரலின் சொல் மட்டும் நிற்கும். ஆதலால் சொல் தெளிவும், எளிய தொடரும், மீண்டும் மீண்டும் வரும் பல்லவியும் இன்றியமையாதன ஆயின. அரிய வடசொற் புணர்ச்சிகள் நிறைந்த பழங்கீர்த்தனை நடையிலிருந்து, இரைச்சலுக்கிடையிலும் விளங்கும் எளிய தமிழுக்குக் கிறித்தவப் பாட்டு நகர்ந்ததில், காலத்தின் பொது மாற்றத்தோடு அலைவரிசையின் கட்டாயத்திற்கும் பங்குண்டு.

இந்த நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. யாழ்ப்பாணம் முதல் கன்னியாகுமரி வரை எல்லாரும் கேட்கும் நிகழ்ச்சியில் பொதுத்தமிழே ஒலிக்க முடியும். தகடூர் நாட்டின் கூத்து மெட்டும், கும்மிச் சந்தமும், ஒப்பாரியின் இழுவையும், மலையோரப் பேச்சின் குழைவும் அந்தக் கால் மணி நேரத்திற்குள் நுழைய வாய்ப்பு அரிது. மாவட்டத்தார் கேட்போராயினர், பாடுவோராகவில்லை. கடல் கடந்து வந்த பாட்டைக் கற்று, உள்ளூர்ச் சபைகளும் அதே மெட்டில், அதே குரற்பாங்கில் பாட முயன்றன. ஊர்க்குப் பாட்டு கிடைத்தது. பாட்டில் ஊர் இல்லை.

அஞ்சல் அட்டையின் குரல்

நேயர் பக்கத்திலிருந்து நிலையத்திற்குச் சென்ற ஒரே வழி அஞ்சல். நிகழ்ச்சி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதை நிலையத்தார் கடிதங்களைக் கொண்டே கணித்தனர். கடிதம் எழுதியவர்க்குப் பாட்டுத்தாளும், அட்டவணையும், தபால்வழி விவிலியப் பாடமும் வந்தன. எழுதத் தெரியாதவர் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தனர். வானொலியில் தம் ஊர்ப் பெயர் வாசிக்கப்படும் அந்த ஒரு நொடிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. பாலக்கோடும் பென்னாகரமும் அரூரும் காற்றில் ஒலித்தது பெரும்பாலும் அத்தகைய கடிதங்களின் வழியாகவே. பாட்டில் இடம்பெறாத ஊர், முகவரியில் இடம்பெற்றது.

ஒலிநாடாவும் கைப்பேசியும்

1980களில் ஒலிநாடா மலிந்தது. நேரத்திற்குக் காத்திராமல், விரும்பிய பாட்டை விரும்பிய பொழுதில் கேட்கும் உரிமை நேயர் கைக்கு வந்தது. பெர்க்மான்ஸ் அடிகளாரின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் போன்ற தொகுதிகள் சபை வேறுபாடின்றிப் பரவியது ஒலிநாடாவின் வழியே. பின்னர்த் தொலைக்காட்சியும் குறுவட்டும் வந்தன. பண்பலையின் தெளிந்த ஒலிக்குப் பழகிய இளையோர்க்குச் சிற்றலையின் இரைச்சல் பொறுக்கவில்லை. சீஷெல்ஸ் நிலையத்தின் சிற்றலை ஒலிபரப்பு 2003இல் நின்றது. ரேடியோ வேரித்தாஸ் ஆசியா 2018 ஜூன் திங்களோடு சிற்றலையை விடுத்து இணையத்திற்கு மாறியது.

2016க்குப் பின் கைப்பேசித் தரவு மலிந்ததும் வரலாறு தலைகீழாயிற்று. கோபுரமும் கடலும் பவளப்பாறையும் வேண்டாமல், ஓர் அறையும் ஒரு கணினியும் இணைய இணைப்பும் கொண்டு எவரும் இணைய வானொலி நடத்தலாம் என்ற நிலை வந்தது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலிருந்தும் கிறித்தவ இசை இணைய வானொலிகள் பல எழுந்தன. எண்பதாண்டுக்கும் மேலாக மூடியிருந்த கதவு, ஓசையின்றித் திறந்தது. ஆனால் அவற்றில் இரவும் பகலும் ஒலிப்பவை பெரும்பாலும் சென்னையிலோ அயல்நாட்டிலோ பதிவான பாடல்களே. கருவி ஊருக்கு வந்த பிறகும் குரல் இன்னும் வந்து சேரவில்லை. கடல் கடந்த காலத்தில் அதற்குச் சட்டத்தையும் தொலைவையும் காரணம் காட்ட முடிந்தது. இப்போது அவ்வாறு காட்ட இயலாது.

எஞ்சியவை

இவ்வரலாற்றின் சான்றுகள் மிக விரைவாக மறைந்து வருகின்றன. நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட ஒலிநாடாக்கள், விலை மிகுந்தவையாதலால், அழித்து மீண்டும் பதிவுசெய்யப் பயன்படுவது ஒலிப்பதிவுக் கூடங்களின் பொதுவழக்கம். வீடுகளில் எஞ்சிய நாடாக்கள் பூஞ்சை பிடித்தும் ஒட்டிக்கொண்டும் கெடுகின்றன. வானொலியில் கேட்டு எழுதிய பாட்டுக் குறிப்பேடுகள் எழுதியவர் மறைந்ததும் பழைய தாள்காரரிடம் சேர்கின்றன. பாடியவர் பெயர் சிலர் நினைவிலேனும் தங்கியிருக்கும். இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தங்கவில்லை. இன்று இணையத்தில் ஒலிக்கும் பழைய பாடல்கள் பலவற்றின்கீழ் ஆசிரியர் பெயர் இல்லை. இருக்கும் இடத்திலும் வேறொருவர் பெயர் ஏறியிருப்பதுண்டு. கவிஞனுக்கு நேரும் இழப்புகளில் இதனினும் பெரிது பிறிதில்லை.

தகடூர் யாத்திரையின் சில பாடல்களேனும் தப்பியது, யாரோ ஒருவர் அவற்றைத் தம் தொகைநூலில் எழுதிவைத்த காரணத்தால். அவர் அதியமானின் குடிமகனும் அல்லர். அந்நூலின் காலத்தவரும் அல்லர். நல்ல பாட்டு என்று கண்டார், எடுத்து எழுதினார். வானொலிக் கீதங்களுக்கும் அத்தகைய தொகுப்பாளர் வேண்டும். முதியோர் நினைவில் உள்ள பாட்டுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்தல், குறிப்பேடுகளைப் படியெடுத்தல், ஒவ்வொரு பாட்டுக்கும் ஆசிரியர் பெயரைத் தேடிப் பொருத்துதல், ஊர்ச்சபைகளில் கூத்து மெட்டிலும் கும்மி மெட்டிலும் பாடப்பட்டு வானொலி ஏறாமலே போனவற்றைத் தனியே திரட்டுதல் ஆகியன செய்யத்தக்க பணிகள். சமயப் பற்று இதற்கு வேண்டுவதில்லை. தமிழ்ப் பாட்டின்மேல் பற்று இருந்தால் போதும். புத்தளத்திலும் மாஹேயிலும் மணிலாவிலும் பிறர் பெருஞ்செலவில் கோபுரம் நாட்டித் தமிழை ஒலிக்கச் செய்தனர். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த மாவட்டம், கேட்டவற்றை எழுதிவைப்பதற்கு ஒரு குறிப்பேட்டின் விலையே ஆகும். அவற்றை நினைவில் வைத்திருப்போர் எஞ்சியிருக்கும்போதே அது நிகழ வேண்டும்.